அரமகளிரும் நம் மகளிரும்

ஐயம்பேட்டை என்பது காஞ்சிமாநகருக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே உள்ளதொரு நெசவாளர் ஊர். வைகறையில் தெருவின் நெடுகப் பாவு நீட்டுவாரது பேச்சொலியும், பகலெல்லாம் தறியில் நாடா ஓடும் ஓசையும் கேட்டு வளர்ந்தவர் யாம். தறியோசை அடங்கிய பின்னரே எம் வீட்டுத் திண்ணையிற் கதை தொடங்கும். பாட்டியார் கூறிய கதைகளுள் சிறுவர் அனைவரும் அச்சத்தோடும் ஆசையோடும் விரும்பிக் கேட்டது கன்னிமார் கதையே. தொண்டைநாட்டு ஏரிக்கரைகளில் ஏழு சிறு கற்களை வரிசையாக நட்டு மஞ்சள் பூசியிருத்தலை அன்பர் பலர் கண்டிருப்பர். அக்கன்னியர் எழுவரும் நிலாக் காலத்து நள்ளிரவில் நீராட வருவர் என்றும், அவர் பாடலைக் கேட்டவன் வீடு திரும்பான் என்றும், திரும்பினும் பின்னர் ஒருவரோடும் வாய் திறந்து பேசான் என்றும் பாட்டியார் கூறுவார்.

“அவ்வளவு அழகாக இருப்பவரைக் கண்டு எதற்காக அஞ்ச வேண்டும்?” என்று ஒருநாள் வினவினோம். “அவ்வளவு அழகாக இருப்பதனால்தான்” என்று விடை கூறிவிட்டு அவர் வெற்றிலையை மடித்தார். அவ்விடையின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. தமிழ் நூல்களைப் பயிலத் தொடங்கிய பின்னரே, பாட்டியார் கூறியதையே பழந்தமிழ்ப் புலவரும் கூறினர் என்பதை அறிந்தோம். அழகும் அச்சமும் ஒருங்கே உடைய இவ்வரமகளிரைப் பற்றி நம்மவர் எண்ணியவற்றையும், அவ்வெண்ணத்தால் நம் மகளிர்க்கு விளைந்த நன்மை தீமைகளையும் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவர்தம் பெயர்களைக் காண்போம். மலையில் உறைவார் வரையரமகளிர் எனவும், நீரில் உறைவார் நீரரமகளிர் எனவும், வானில் உறைவார் வானரமகளிர் எனவும் பெயர் பெறுவர். காண்பார்க்கு அச்சம் விளைப்போர் சூரரமகளிர். சூர் என்னும் சொல்லுக்கு அச்சம் என்பதே பொருள். இவரனைவரையும் அடக்கி நிற்கும் பொதுச்சொல் அணங்கு என்பது. அச்சொல் பெயராக நின்றவழித் தெய்வப் பெண்ணையும் பேரழகையும் குறிக்கும். வினையாக நின்றவழி வருத்துதலைக் குறிக்கும். அழகு வேறு, துன்பம் வேறு என்று பிரித்தற்கு இடமின்றி இரண்டனையும் ஒரு சொல்லில் வைத்தது நம் மொழி. திருக்குறளின் 109-ஆம் அதிகாரம் ‘தகையணங்குறுத்தல்’ என்று பெயர் பெற்றிருப்பதும் இக்கருத்துப் பற்றியே. அங்கே தலைமகளை முதன்முதற் கண்டவன், இவள் தெய்வ மகளோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று மயங்கி நிற்கின்றான். அதே வள்ளுவர், வஞ்சம் உடைய மகளிரது கூட்டுறவு ஆராயும் அறிவில்லாதார்க்கு அணங்கு தாக்கியது போல்வதென்று பிறிதோர் அதிகாரத்தில் எச்சரிக்கின்றார்.

இனி, இவர்தம் தோற்றம் யாது? திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் நக்கீரர் சூரரமகளிரது ஆடலைக் காட்டுகின்றார். மலைச்சாரற் சோலையில் அவர் கூடி ஆடிப் பாடுகின்றனர். முருகனது கோழிக்கொடியை வாழ்த்துகின்றனர். அவர் அடியையும் காலையும் தோளையும் வருணித்து வரும் புலவர் அவர் உடுத்த ஆடையைக் குறிக்குமிடத்து எம் ஊரார் வியத்தற்குரிய செய்தி ஒன்றனைக் கூறுகின்றார். அவ்வாடை கார்காலத்துத் தோன்றும் இந்திரகோபப் பூச்சியைப் போலச் சிவந்தது. ஆயினும் சாயத்தில் தோய்த்தெடுக்கப்படாதது. அவர் வனப்பும் கையாற் புனைந்து செய்யப்படாத வனப்பே. நூல் நூற்றல், சாயமேற்றல், பாவு நீட்டல், ஊடை கோத்தல் ஆகிய ஒன்றுமின்றித் தானே அமைந்த துகில் அது. ஒரு பட்டுச் சேலைக்குக் கரையும் உடலும் இணையும் கோர்வை நெய்ய இருவர் தறியருகே நாட்கணக்கில் உழைத்தலைக் கண்ணாற் கண்ட எமக்கு, இவ்வோரடையே அரமகளிரின் இயல்பு முழுவதையும் விளக்கிற்று. உழைப்பின்றி வந்த அழகு அவர் அழகு. ஆதலின் வாடுதலும் தேய்தலும் அதற்கு இல்லை.

இவ்விளக்கத்தைத் தொல்காப்பியம் வேறொரு வகையால் உறுதி செய்கின்றது. அகப்பொருள் நூலார் களவொழுக்கத்தின் தொடக்கத்தைக் காட்சி, ஐயம், தெளிவு, குறிப்பறிதல் என வகுப்பர். தலைமகளைக் கண்டவனுக்கு இவள் தெய்வமோ மானிடமோ என்னும் ஐயம் எழும். எம் ஊர்ப் பெயரிலேயே ஐயம் இருத்தலின், இப்பகுதியைப் பயின்றபோது வகுப்பிலுள்ள நண்பர் எம்மை நோக்கி நகைத்ததுண்டு. அவ்வையத்தைக் களைதற்குரிய கருவிகளைக் களவியல் எண்ணிக் கூறுகின்றது. கூந்தலை வண்டு மொய்த்தல், செய்தமைத்த அணிகலன் பூண்டிருத்தல், மேனியில் வள்ளிக்கொடி எழுதப்பட்டிருத்தல், சூடிய பூ வாடுதல், கண்ணின் இயல்பு, தடுமாற்றம், இமைத்தல், அச்சம் என்பனவும் இவை போல்வன பிறவும் கண்டால், அவள் மானிட மகளே என்று தெளியலாம்.

இவ்வடையாளங்களை ஊன்றி நோக்குவோமாக. இவற்றுட் சில கைத்தொழிலின் சுவடுகள். சில களைப்பின் சுவடுகள். சில அச்சத்தின் சுவடுகள். அணிகலனைத் தொல்காப்பியர் ‘இழை’ என்பார். ஐயம்பேட்டையிற் பிறந்தவர்க்கு இழை என்றவுடன் நூலிழையே நினைவுக்கு வரும். எவ்விழையாயினும் ஆகுக, யாரோ ஒருவர் கை அதிற் பட்டிருக்கின்றது என்பதே அதன் சான்று. அரமகள் பூ வாடாள்; இமையாள்; அஞ்சாள். மானிட மகளோ வாடுவாள், இமைப்பாள், அஞ்சுவாள். தெய்வத்தினின்றும் மானிடத்தைப் பிரித்தறியப் பண்டைத் தமிழர் கைக்கொண்ட அளவுகோல் நம் குறைபாடுகளே என்பது வியப்பன்றோ?

இவ்வளவுகோல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பாரதத்தில் வரும் நளன் கதையில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் நளனது வடிவு கொண்டு சுயம்வர மண்டபத்தில் அமர்ந்தனர். ஒருவரைப் போல ஐவர் இருத்தலைக் கண்ட தமயந்தி மயங்கினாள். பின்னர், வியர்வையும் தூசியும் உடையவனும், நிலத்தில் அடி தோய நிற்பவனும், வாடிய மாலையும் இமைக்கும் கண்ணும் உடையவனும் யாவன் என்று நோக்கித் தன் நளனைக் கண்டுகொண்டாள். இக்கதையைத் தமிழில் வெண்பாவாற் பாடிய புகழேந்திப் புலவர் பொன்விளைந்த களத்தூரினர், தொண்டைநாட்டவர். தேவர் நால்வரை விடுத்து, வாடும் மாலையனைத் தேர்ந்தெடுத்த பெண்ணின் கதை நம் நாட்டார்க்கு இனித்தது இயல்பே.

இனி, அரமகளிரால் வரும் கேடு யாதென்று காண்போம். இதற்கு யாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. காஞ்சியின் பழைய மன்னனாகிய தொண்டைமான் இளந்திரையனது பிறப்பே ஒரு நாகமகளின் கதையாக வழங்கி வந்துள்ளது. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதன் உரையில் நச்சினார்க்கினியர் கூறும் வரலாறு பின்வருமாறு: சோழன் ஒருவன் நாகபட்டினத்தினின்றும் ஒரு பிலத்தின் வழியே நாகருலகம் சென்று ஆண்டு ஒரு கன்னியைக் கூடினான். பிறக்கும் மகவை என் செய்வேன் என்று அவள் வினவ, தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக என்றான். அவ்வாறே விடப்பட்ட மகவைத் திரை கொணர்ந்து கரை சேர்த்தது. திரை தந்தமையால் திரையன் எனவும், தொண்டைக்கொடி அணிந்து வந்தமையால் தொண்டைமான் எனவும் அவன் பெயர் பெற்றான்.

இதே கதையின் மறுபக்கத்தை மணிமேகலை காட்டுகின்றது. சோழன் நெடுமுடிக்கிள்ளி புகார்க் கடற்கரைச் சோலையிற் பீலிவளை என்னும் பெண்ணைக் கண்டான். அவள் இன்னாள் என்று கூறாமலே ஒரு திங்கள் அவனோடு இருந்தாள். பின்னர்ச் சொல்லாமலே மறைந்தாள். அவள் நாகநாட்டரசன் மகள் என்பதும், இனி அவள் வாராள், அவள் பெறும் மகனே வருவான் என்பதும் பின்னரே அரசனுக்குத் தெரிந்தன. மணிபல்லவத்தில் அவள் தன் மகனைக் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்படைத்தாள். அவன் கலம் இரவிற் கரையருகே உடைந்தது. மகவும் காணாமற் போயிற்று. மகனைத் தேடித் திரிந்த அரசன் ஆண்டுதோறும் நிகழவேண்டிய இந்திர விழாவை மறந்தான். அதனாற் கடல் பொங்கிப் புகார் நகரை விழுங்கிற்று என்பது காப்பியக் கூற்று.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. பீலிவளை ஒருவரையும் கொன்றாளில்லை, வஞ்சித்தாளும் இல்லை, வந்தாள், சென்றாள், அவ்வளவே. கேடு விளைத்தது அவள் கண்ணன்று. அவளையும் அவள் மகனையும் எண்ணித் தன் கடமையை மறந்த அரசனது நெஞ்சமே. தேயாத அழகைக் கண்டவன் தேய்ந்து மாயும் உலகின் கடமைகளைச் சிறியனவாக எண்ணத் தொடங்குகின்றான். அரமகளிரால் வரும் முதற் கேடு இதுவே. ‘அவ்வளவு அழகாக இருப்பதனால்தான்’ என்று பாட்டியார் கூறியதன் பொருளும் இதுவே போலும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர் பிற நாட்டினரும் ஆவர். இருக்கு வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் ஊர்வசி தன்னைப் பின்தொடரும் புரூரவனை விட்டு நீங்குகின்றாள். ஸ்காட்லாந்தின் வடபால் உள்ள தீவுகளிற் கடல்நாய்ப் பெண்டிரது கதை வழங்குகின்றது. அவர் கரையேறித் தம் தோலைக் களைந்து வைத்து ஆடுவர். அத்தோலை ஒருவன் ஒளித்துவிட்டால் அவள் அவனுக்கு மனைவியாக வாழ்வாள். பல்லாண்டு கழித்து அத்தோல் கைக்கு அகப்பட்ட அன்றே குழந்தைகளையும் விட்டுக் கடலுக்கு மீள்வாள். ஆடையை ஒளித்துப் பெற்ற மனைவி ஆடை கிடைத்தவுடன் நீங்குவாள் என்னும் இக்கதை பல மொழிகளிலும் உண்டு. களவாற் பெற்றது நிலையாது என்னும் அறமும் அதன்கண் அடங்கியுள்ளது.

சமயத் தொண்டர் சிலரும் இக்கதைகளைத் தொகுத்துள்ளனர் என்பது நம் கல்லூரியார் அறிதற்குரியது. ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்னும் ஊரின் குருவாகிய ராபர்ட் கெர்க் என்பார், 1684-இற் சங்கீதங்களைக் கேலிக் மொழிப் பாடல்களாக வெளியிட்டவர். அவரே 1691-இல் அந்நாட்டு மாயவுலகத்தாரைப் பற்றித் தம் மக்கள் கூறியவற்றையெல்லாம் ஒரு நூலாக எழுதிவைத்தார். 1692-இல் அவர் இறந்தபோது, அவரை அம்மாயவுலகத்தாரே கொண்டுபோயினர் என்று ஊரார் கூறினர். நம் நாட்டிலோ தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு ஐயர், தென்னாட்டுத் தெய்வங்களின் மரபைப் பற்றிய நூலை 1713-இல் எழுதி முடித்தார்; ஊர்த் தெய்வங்களும் அதில் இடம் பெற்றன. அந்நூல் 154 ஆண்டுகள் கழித்து 1867-இற் சென்னையிலேதான் அச்சேறிற்று. ஒரு மக்களின் அச்சங்களை அறியாதவன் அம்மக்களை அறியான் என்பதை இப்பெரியார் உணர்ந்திருந்தனர் போலும்.

இனி, அரமகளிர் பற்றிய எண்ணத்தின் இருண்ட பக்கத்திற்கு வருவோம். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிற் கோவலன் நீர் வேண்டி ஒரு பொய்கையை அடைகின்றான். ஆங்குக் கானுறை தெய்வம் ஒன்று மாதவியின் தோழியாகிய வசந்தமாலையின் வடிவில் தோன்றி, அவன் அடியில் வீழ்ந்து கண்ணீர் உகுக்கின்றது. அக்காட்டில் மயக்கும் தெய்வம் உண்டென்று மாங்காட்டு மறையவன் முன்னரே கூறியிருந்தமையால் ஐயுற்ற கோவலன், பாய்கலைப்பாவையின் மந்திரத்தை ஓதுகின்றான். உடனே அது தான் வனசாரிணி என்று தன்னை வெளிப்படுத்தி, தன் செயலைக் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் உரையாதிருக்குமாறு வேண்டி மறைகின்றது. இங்கே அத்தெய்வம் கொண்டது பேரழகியின் வடிவன்று. அழுது நிற்கும் ஒரு பணிப்பெண்ணின் வடிவு என்பதைக் குறித்துக்கொள்வோமாக. கண்ணீரையும் ஐயுறவேண்டும் என்னும் எண்ணம் இங்கே தலைகாட்டுகின்றது.

நாட்டார் வழக்கில் மோகினியைப் பற்றிய அச்சமும் இவ்வகையதே. தனிவழியில் மல்லிகை மணம் கமழும்; சிலம்பொலி கேட்கும்; வெள்ளை உடுத்த ஒருத்தி வழிப்போக்கனை அணுகிச் சுண்ணாம்பு கேட்பாள்; அவள் கால் நிலத்தில் தோயாது; கையில் இரும்பு வைத்திருப்பவனை அவள் நெருங்காள். தென்பாண்டி நாட்டில் இசக்கி என வழங்குபவளும் மலையாள நாட்டில் யட்சி எனப்படுபவளும் இவள் உறவினரே.

இக்கதைகள் அனைத்திலும் நம் நாட்டில் வேரூன்றியது பழையனூர் நீலியின் கதையாகும். பழையனூர் காஞ்சிக்கு வடக்கே திருவாலங்காட்டை அடுத்துள்ளது. நீலி ஒரு வணிகனைத் தன் கணவன் என்று கூறிக்கொண்டு வந்தாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியிருந்தாள். அவன் இவள் பேய் என்று அலறினான். வழக்கைக் கேட்ட வேளாளர் எழுபதின்மர் அவள் கண்ணீரை நம்பி, அவனுக்குத் தீங்கு நேரின் தாமும் உயிர் விடுவதாகச் சொல் கொடுத்து, அவளோடு அனுப்பினர். அன்றிரவே அவனை அவள் கொன்றாள். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீயிற் புகுந்தனர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறித்திருத்தலின், ஏழாம் நூற்றாண்டிலேயே இக்கதை வழங்கிற்று என்பது தெளிவு.

பொய்யழுகையை ‘நீலிக்கண்ணீர்’ என்று இன்றும் கூறுகின்றோம். ஆனால் நீலியின் முற்பிறப்பைக் கூறும் கதைப்பகுதியை நம்முள் எத்தனை பேர் நினைக்கின்றோம்? காஞ்சி நகரத்து அந்தணன் ஒருவன், தனக்கு மனைவி இருத்தலை மறைத்து வடநாட்டில் ஒருத்தியை மணந்தான். அவளை அழைத்துவரும் வழியில் ஆலங்காட்டிலே கொன்றான். கொலையுண்ட அவளே நீலியாகவும், கொன்றவனே வணிகனாகவும் பிறந்தனர் என்பது அப்பகுதி. அங்ஙனமாயின் அவள் முதன்முதல் உகுத்த கண்ணீர் பொய்க்கண்ணீரன்று; அதைக் கேட்பார் ஒருவருமில்லை. மெய்க்கண்ணீரை ஒருவரும் கேளாத காட்டிலே பொய்க்கண்ணீர் பிறந்தது. பழமொழி மட்டும் கொன்றவனை மறந்து, கொலையுண்டவளை நினைவில் வைத்துக்கொண்டது.

இந்நீலியைச் சமண முனிவர் வேறு வகையாற் கண்டனர். நீலகேசி என்னும் தமிழ்க் காப்பியத்தில் பழையனூர் நீலி, முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்தவும் மயக்கவும் முயல்கின்றாள். அவர் அஞ்சவும் இல்லை, அவளை வெறுக்கவும் இல்லை, அறம் உரைக்கின்றார். அவள் அவர்க்கு மாணாக்கியாகிப் பிற சமயத்தாரோடு வாதம் புரியும் அறிவுடையாளாகின்றாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அவர்கள் 1936-இல் அந்நூலைப் பதிப்பித்து உதவினார். ஓட்டப்படவேண்டிய பேய் என்று உலகம் கருதியவளைக் கற்பிக்கத்தக்க மாணவி என்று ஒருவர் கருதினார். இவ்விரு கருத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

அத்தொலைவைக் கடவாதவர் செய்யும் கேட்டிற்கு ஐரோப்பாவிலேயே ஒரு கொடிய சான்று உளது. அயர்லாந்தில் திப்பரேரி என்னும் பகுதியில் பிரிட்ஜெட் கிளியரி என்னும் இளம்பெண் வாழ்ந்தாள். ஆடை தைப்பது அவள் தொழில். 1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவள் நோயுற்றாள். உண்மையான மனைவியை மாயவுலகத்தார் கொண்டுபோய்விட்டனர், படுக்கையிற் கிடப்பவள் அவர்கள் விட்டுச்சென்ற போலி என்று அவள் கணவன் எண்ணினான். மூலிகை கலந்த பாலைப் புகட்டினர். நீ யார் என்று கடவுள் பெயரால் மீண்டும் மீண்டும் வினவினர். இறுதியிற் கணவனே அவளைத் தீயிட்டான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தன்னைத் தானென்று மெய்ப்பிக்க முடியாமல் ஒரு பெண் இறந்தாள். அரமகளிர் எண்ணத்தால் வரும் இரண்டாம் கேடு இது: அரமகளை மானிடப் பெண்ணென்று மயங்குவதினும், மானிடப் பெண்ணை அரமகளென்றோ பேயென்றோ மயங்குவது கொடிது.

இம்மயக்கத்தை நம் சங்கப் புலவர் நன்கறிந்திருந்தனர். களவொழுக்கத்திலுள்ள தலைமகள் மெலிகின்றாள். இது முருகன் அணங்கியது என்று எண்ணிய தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கின்றாள், களம் இழைக்கப்படுகின்றது, ஆடு பலியிடப்படுகின்றது. நோயின் காரணமோ மலைநாட்டுத் தலைவன் மேற் கொண்ட காதல். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இத்துறைப் பாடல்கள் பல உள. உண்மையறியாது வெறிக்களத்திற்கு வந்துவிட்டாயே என்று முருகனையே இடித்துரைக்கும் தோழியும் உளள். பெண்ணின் நோய்க்குக் காரணம் பெண்ணிடத்தே கேட்டறியப்படவேண்டும் என்பதே அப்பாடல்களின் உட்கிடை.

இதனை யாம் நூலில் மட்டும் கண்டோமல்லோம். எம் சிறுபருவத்தில் அயல்வீட்டு மருமகள் ஒருத்தி மகவீன்ற ஆறாம் நாள் பிதற்றத் தொடங்கினாள். யாரையோ கைநீட்டி அழைத்தாள். குழந்தையைத் தன்னதன்று என்றாள். ஏரிக்கரைப் பக்கம் போனவளை மோகினி பிடித்துக்கொண்டது என்று ஒருவர் கூற, அனைவரும் அதனை ஆமென்றனர். வேப்பிலை வந்தது; உடுக்கையடிப்பவரை அழைத்துவர ஆளும் புறப்பட்டது. எம் பாட்டியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே சென்று அவள் நெற்றியைத் தொட்டார். தம் முன்றானையால் அவள் முகத்தைத் துடைத்து, நனைந்த அம்முன்றானையை அவள் கணவனிடம் காட்டினார். “ஏனப்பா, மோகினிக்கு வேர்க்குமா? உடம்பு கொதிக்குது பார். போய் வண்டி பிடித்து வா” என்றார். மருத்துவமனையிற் பிரசவ சன்னி என்றனர்; இன்னும் ஓரிரவு கடந்திருப்பின் பிழைத்திராள் என்றும் கூறினர். அவள் இன்றும் நலமாக இருக்கின்றாள். அன்று பிறந்த மகன் இப்பொழுது பள்ளியிற் பயில்கின்றான்.

பாட்டியார் தொல்காப்பியம் பயின்றவரல்லர். நளன் கதையையும் தெருக்கூத்திலே கண்டதன்றி நூலிற் கண்டவரல்லர். ஆயினும் களவியல் கூறிய கருவியைத் தக்க இடத்திற் கையாண்டு, ஓருயிரைக் காத்தார். வண்டும் இழையும் பூவும் காதலன் தன் ஐயம் தீர்தற்கு மட்டும் உரியன என்று எண்ணியிருந்த எமக்கு, அந்நூற்பா அன்றே முழுப்பொருள் தந்தது என்று பின்னாளில் உணர்ந்தோம். வியர்வை கண்டவிடத்து ஆங்கு மானிடம் உளது. மானிடம் உளதாயின் நாம் செய்தற்குரியதும் ஒன்று உளது.

அங்ஙனமாயின் கன்னிமாரையும் மோகினியையும் வெறும் பொய்யென்று தள்ளிவிடுதல் தகுமோ? தகாது என்பதே எம் கருத்து. வட தமிழ்நாட்டுக் குடும்பங்களிற் பூவாடைக்காரி வழிபாடு என்றொன்று உண்டு. மணமாகாது இறந்த கன்னியையோ, சுமங்கலியாக இறந்த மனைவியையோ அவ்வீட்டார் தெய்வமாகக் கொண்டு, திருமணம் போன்ற நன்னாட்களுக்கு முன்னர்ப் புத்தாடை படைத்து வழிபடுவர். அவ்வழிபாடு கிறிஸ்தவராகிய எமக்கு உரியதன்று. ஆயினும் அதன் உட்பொருள் எம் நெஞ்சைத் தொடுகின்றது. நக்கீரர் கண்ட சூரரமகளிர்க்குச் சாயம் தோயாத துகில் தானே அமைந்தது. பூவாடைக்காரிக்கோ தறியில் நெய்த ஆடையே வேண்டப்படுகின்றது. அவள் வானத்தினின்றும் வந்தவளல்லள். நம் வீட்டில் வாழ்ந்து, வாழ்வு நிரம்பாமற் போனவள். உயிரோடு இருந்த நாளில் அவளுக்கு நாம் கொடாத ஒன்றனை இன்று மடித்து வைக்கின்றோம் என்னும் துயரம் அப்புத்தாடையில் உளது. நம் அணங்குகளுட் பல, நாம் கேளாது விட்ட மகளிரே என்று தோன்றுகின்றது.

முடிவாக மீண்டும் காஞ்சிக்கே வருவோம். மாதவி ஊர்வசியின் வழிவந்தவள் என்று சிலப்பதிகாரம் கூறும். அங்ஙனமாயின் அவள் மகள் மணிமேகலையும் அரமகளிர் மரபினளே. பீலிவளையின் பின் சென்ற நெஞ்சத்தாற் புகார் அழிந்தது. அப்புகாரை நீங்கிய மணிமேகலையோ பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்கு வந்து, அமுதசுரபியால் ஆங்குள்ளோர் பசி தீர்த்தாள். கண்டார் மயங்கும் அழகு அவளுக்கும் இருந்தது. ஆனால் காஞ்சி மக்கள் அவளிடம் கண்டது சோறிடும் கையையே. வாடாத மாலையைத் தேடிச் செல்லுதல் இளமைக்கு இயல்பு. யாமும் அதனைக் கடந்தேமல்லேம். ஆயினும் நம் வீட்டில் வாடிய மாலையோடும் வியர்த்த முகத்தோடும் நிற்பவரை முதலில் அடையாளம் கண்டுகொள்வோமாக. தமயந்தி தேர்ந்ததும் அதுவே. எம் பாட்டியார் முன்றானையிற் காட்டியதும் அதுவே.